மருந்தும் மறைப்பும்

உடம்பெடுத்த உயிர்கட்குப் பிணி புதிதன்று. வினையால் வந்த பிணியை மருந்து யாங்ஙனம் தீர்க்கும் எனச் சிலர் வினவுவர். பிணியைக் கூட்டிய இறைவனே மருந்தையும் கூட்டினான் என்பதும், புள்ளிருக்குவேளூரில் அவன் வைத்தியநாதனாய் எழுந்தருளியிருப்பதும் அவர் எண்ணத்தக்கன. ஆயின், மருந்துண்பார் தாமும் உணரவேண்டுவது ஒன்றுண்டு. அதனை ஓர் அன்பர் வரலாறு விளக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலைவழியின் அடிவாரத்தில் உள்ளது லோயர் கேம்ப். மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்று நீர், மலையைக் குடைந்த வழியாற் கிழக்கே திரும்பி, பெருங்குழாய்களின் வாயிலாக இறங்கி அங்குள்ள மின்னிலையத்தை இயக்குகின்றது. அந்நிலையத்திற் பணியாற்றி ஓய்வுபெற்ற அவ்வன்பர்க்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. மதுரையிற் பல திங்கள் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார். அதன்பின்னும் ஈராண்டளவு மருந்துண்ணல் வேண்டுமென்றனர். மெர்காப்டோபியூரின் நாடோறும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை, நுரையீரலிற் கிருமி பற்றாதிருக்கக் கோட்ரைமாக்சசோல் வாரத்திற் சில நாள். வாரத்திற்கொருமுறை உரியதை நாடோறும் உண்பின் உயிர்க்கே கேடாம். ஆதலின், அவர் மனைவியார் அதனைத் தனிச் சிமிழில் வைத்து, சோமவார வழிபாடு முடிந்தபின் தம் கையாலேயே கொடுத்துவந்தார்.

ஒரு நோய்க்கு இத்துணை மருந்து எற்றுக்கெனின், கூறுதும். 1948-இல் சிட்னி ஃபார்பர் என்னும் அமெரிக்க வைத்தியர், இந்நோயுற்ற குழந்தைகட்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைத் தந்து நோய் தணியக் கண்டார்; சின்னாளில் நோய் மீண்டது. 1960-களில் வைத்தியர் பல மருந்துகளை ஒருங்கே தரத் தொடங்கினர். ஒன்றற்குத் தப்பிய நோயணு மற்றொன்றற்குத் தப்பாதன்றோ? அவற்றுள் ஒன்றாகிய வின்கிரிஸ்டின், நம் தோட்டங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியினின்று எடுக்கப்படுவது.

அன்பர்க்கு முன்னரே மூட்டுவாத நோயும் உண்டு. அதற்கென வாங்கிய அல்லோபியூரினால் மாத்திரை மீந்திருந்தது. ஒருநாள் கால்விரல் வீங்கவே, "இச்சிறு நோயைச் சொல்லி வைத்தியரை வருத்துவானேன்" எனக் கருதி, அதனை யாருமறியாது உண்டுவந்தார். சில வாரத்தில் இரத்த அணுக்கள் மிகக் குறைந்தன, சுரமும் வந்தது. "ஐயா, வேறு மருந்து ஏதேனும் உண்கின்றீரா?" என வைத்தியர் வினவ, "இல்லை" என்றார் அன்பர். மனைவியாரோ, திருநீற்றுப் பையினடியிற் கண்ட மாத்திரைத் தாளை எடுத்து நீட்டினார்.

மெர்காப்டோபியூரினை உடம்பிற் சிதைத்தொழிப்பது ஒரு நொதி. அந்நொதியை அல்லோபியூரினால் தடுக்கும். தடுப்பின், சிறிதளவு மருந்தும் பேரளவாய் நின்று, இரத்தம் ஊறும் எலும்பு மச்சையை வாட்டும். இரண்டும் உடன் தரவேண்டுமாயின், முன்னதன் அளவை நாலிலொன்று அல்லது மூன்றிலொன்றாகக் குறைப்பர். இதனை வைத்தியர் விளக்கி, மருந்தைச் சின்னாள் நிறுத்தினார். இரத்த அணுக்கள் மெல்ல ஏறின; சிகிச்சையும் தொடர்ந்தது.

அன்றுமுதல், தாம் உண்ணும் மாத்திரை, சூரணம், கஷாயம் யாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வைத்தியரிடம் செல்லுந்தோறும் முதலில் அதனையே நீட்டுவது அன்பர் வழக்கமாயிற்று. "குழாயில் இறங்கும் நீரின் அளவை நாழிகைதோறும் எழுதிவைத்த கைதான் இது, என் மருந்தை மட்டும் எழுதாது விட்டது" என்று அவர் கூறுவதுண்டு.

மறைத்தல் இறைவனுக்குரிய ஐந்தொழில்களுள் ஒன்று. அவன் மறைப்பது அருளாகும். நோயாளி வைத்தியரிடம் மறைப்பதோ நோயாகவே முடியும். பிணியுற்றாரும் அவரைப் பேணுவாரும் இதனை மறவாதிருப்பாராக.