அண்ணாவின் ‘மற்றது’ போல்டர்

போன செமஸ்ரர் லீவில் அண்ணா தன்ர பழைய லப்ரொப்பை எனக்குத் தந்தார், அசைன்மன்ற் செய்ய. அவர் சேர்த்த பாட்டுகள் அழியாமல் உள்ளேயே கிடந்தன. ‘சேர்ச்’ என்று ஒரு போல்டர், ‘மற்றது’ என்று இன்னொன்று. ஸ்ரைப்பர் என்ற பாண்டின் 80களின் அல்பங்கள் எல்லாம் ‘சேர்ச்’சில். 1990இல் வந்த ‘அகெயின்ஸ்ற் த லோ’ மட்டும் ‘மற்றது’க்குள், பைலாவுக்கும் ரஹ்மானுக்கும் நடுவில்.

ஸ்ரைப்பர் தெரியாதவர்களுக்கு: கலிபோர்னியாவில் மைக்கல் ஸ்வீற், றொபேட் ஸ்வீற் என்ற சகோதரர்கள் தொடங்கிய கிறிஸ்தவ ஹெவி மெற்றல் பாண்ட். மஞ்சளும் கறுப்பும் வரிவரியாய் உடுப்பு, வானத்தைப் பார்க்கிற தலைமுடி. றொபேட் ட்ரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து அடிப்பார், சனம் தன்னைப் பார்க்கவேணும் என்று. எனக்கு அந்த லூசுத்தனம் நல்லாப் பிடிக்கும். லோகோவிலேயே ஏசாயா 53:5 இருந்தது. மேடையிலிருந்து புதிய ஏற்பாடுகளைச் சனத்துக்குள் எறிவார்கள். 1986இல் வந்த ‘ரு ஹெல் வித் த டெவில்’ அமெரிக்காவில் பிளாற்றினம் ஆனது, அதாவது பத்து லட்சம் பிரதி. அப்பவும் ஏச்சுக்குக் குறைவில்லை. ஜிம்மி ஸ்வாகர்ட் போன்ற ரீவிப் போதகர்களுக்கு கிறிஸ்தவ றொக் என்றாலே ஆகாது. மெற்றல் கேட்கிற பெடியளுக்கோ பைபிள் எறிகிற பாண்ட் ஒரு பகிடி.

பிறகுதான் ‘அகெயின்ஸ்ற் த லோ’. வரி உடுப்புப் போய் கறுத்தத் தோல் உடுப்பு வந்தது. லோகோவில் வசனம் இல்லை. பாட்டுகளில் இயேசு இல்லை. ஏமாற்றுகிற ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு. ‘எர்த், விண்ட் அன்ட் ஃபயர்’ பாடிய ‘ஷைனிங் ஸ்ரார்’ இன்னொன்று. தயாரிப்பு ரொம் வேர்மன், மொற்லி க்ரூவோடு வேலைசெய்த ஆள். கிறிஸ்தவ ரசிகர்கள் பலர் இதைத் துரோகம் என்றார்கள். வெளியில் இருந்தவர்களுக்கு, தோல் உடுப்புப் போட்ட நூறு பாண்டுகளில் இதுவும் ஒன்று. விற்பனையும் முந்தையவை மாதிரி இல்லை. 1992இல் மைக்கல் பாண்டை விட்டே போய்விட்டார்.

வாசிப்பில் மட்டும் பார்த்தால் அவர்களின் நல்ல அல்பம் இதுதான் என்று சொல்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம். கிற்றார் இதில் மூச்சுவிடுகிறது, மைக்கலின் குரலில் முந்தின இனிப்பு இல்லை. ஆனால் ‘லேடி’ என்ற காதல் பாட்டைத் தாண்டிப் போகத்தான் மனம் வருகிறது, சீனி கூடிப்போச்சு.

எனக்கு விளங்காதது ஒன்று. அவர்களின் பெரிய ஹிற் ‘ஒனஸ்ற்லி’. அதிலும் இயேசுவின் பெயர் இல்லை, யார் யாருக்கு வேண்டுமானாலும் பாடலாம். அதை ஒருவரும் துரோகம் என்று சொல்லவில்லை. மஞ்சள் உடுப்போடு பாடினதால் அது ஜெபம், தோல் உடுப்போடு பாடினால் பாவமா?

இப்படி எழுதிவிட்டு நான் நல்ல பிள்ளை மாதிரி இருக்கேலாது. அண்ணா பதினாலு வயதிலிருந்து எங்கட சபையில் கிற்றார் வாசித்தவர். பிறகு கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற பாண்ட் ஒன்றில் சேர்ந்தார். ஒரு ஹோட்டலில் வாசித்த வீடியோவை யாரோ போதகருக்கு அனுப்ப, ‘இங்கயா, அங்கயா’ என்று கேட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கதைக்கிறதை விட்டுவிட்டார். நான்தான் சொன்னேன். அப்ப ஓ.எல். படிக்கிறன். “உங்களால எங்களுக்கு சபைக்குப் போகவே வெக்கமா இருக்கு” என்றேன். அவர் என்ன பாட்டு வாசித்தார் என்று அந்த வீடியோவை நான் முழுசாய்ப் பார்க்கக்கூட இல்லை.

குறை சொன்ன ரசிகர்கள் முழுக்கப் பிழை என்றும் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் தாங்கள் குடித்துத் திரிந்ததை, சொன்னதுபோல வாழாததை, மைக்கலே பிறகு பேட்டிகளில் ஒத்துக்கொண்டவர். பாண்ட் திரும்பச் சேர்ந்து, மஞ்சள் கறுப்பும் திரும்ப வந்தது. ஆனால் தோல் உடுப்பைப் பார்த்துத் திட்டினவர்களுக்குக் குடி தெரிந்திருக்குமா? வரி உடுப்போடு குடித்திருந்தால் கைதட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

போன கிழமை கொழும்புக்கு அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன். அந்த அல்பம் ஏன் ‘மற்றது’க்குள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“முதல் சேர்ச்சுக்குள்ளதான் இருந்தது. சபைய விட்ட அண்டைக்கு மாத்தினனான். அதுக்கும் அங்க இடமில்லையெண்டு பட்டுது.”

நான் அன்றைக்குச் சொன்னதைப் பற்றிக் கதைக்கத்தான் கோல் எடுத்தேன். வாயில் வரவில்லை. அவரே கேட்டார்: “அதில ‘ஓர்டினரி மான்’ கேட்டனியா?”

கேட்டேன் என்றேன்.

“லப்ரொப் ஸ்பீக்கரிலயோ? அதில ஒண்டும் கேக்காது. நல்ல ஹெட்போன் ஒண்டு அனுப்பிவிடுறன், நில்லு.”