என்னோடு வந்த பாட்டுகள்



சென்ற மாதம் என் பேத்தி கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு வந்து, "அம்மம்மா, உங்களுக்குப் பிடிச்ச பாட்டுகளைச் சொல்லுங்கோ, தேடிப் போட்டுத் தாறன்" என்றாள். பல வருடங்களாக இந்தக் கேள்விக்கு, "எனக்கென்ன பாட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதே என் வழக்கம். அன்று உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாலும் ஒரு வீடும் ஒரு முகமும் வந்து நின்றன. அவற்றில் சிலவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது ஒரு சினிமாப் பாட்டு. 1992 இல் வெளிவந்த 'ரோஜா' படத்தில், சிறு சிறு ஆசைகளை ஒரு பெண் அடுக்கிக்கொண்டே போவாளே, அந்தப் பாட்டு. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த முதற்படம் அது. பாடியவர் மின்மினி. அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் வானொலி கேட்போம். சுற்றுகிற பெடியனுக்குக் கை வலித்தால் பாட்டும் இளைத்துப் போகும். "சுத்தடா, சுத்தடா" என்று முற்றமே சத்தம் போடும். மடியில் மூன்று மாதக் குழந்தையோடு அந்தப் பாட்டைக் கேட்டேன். என் கணவர் பக்கத்தில் நின்று பெடலைச் சுற்றினார். இத்தனை துன்பத்துக்குள்ளும் ஒரு பெண் ஆசைப்படலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்தப் பாடகி புகழோடு இருந்த காலத்திலேயே குரலை இழந்து, பல வருடங்களின் பின் மீண்டும் பாடினார் என்பதை மிகப் பிந்தித்தான் அறிந்தேன்.

இரண்டாவது நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாட்டுகள். நாங்கள் சைவக் குடும்பம். ஆனால் எங்கள் ஒழுங்கையின் அந்தப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. விடியற்காலையில் அவர்களுடைய கசற்றில் ஹனிபாவின் கம்பீரமான குரல் எழும். அந்தக் குரலுக்குத்தான் நான் அடுப்பு மூட்டுவேன். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். அந்த வீடும் ஒரே நாளில் வெறுமையாகிவிட்டது. மறுநாள் காலை ஒழுங்கை மௌனமாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரி போகும்போது நான் படலையடியில் பேச்சற்று நின்றேன். ஐந்து வருடத்தில் எங்களுக்கும் அதே கதி வந்தபோதுதான் அவளுடைய முகம் எனக்கு முழுதாக விளங்கியது. ஹனிபா 2015 இல் காலமானார். அவர் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்வேன்.

1995 ஒக்ரோபர் 30 இல் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். என் கணவர் ஆசையாகச் சேர்த்த கசற்றுகள் ஒரு பிஸ்கற் ரின் நிறைய இருந்தன. அதைத் தூக்கினேன். "உதை வை, பிள்ளைக்குப் பால்மாவை எடு" என்றார் மாமி. வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் கிளிநொச்சியில் ஷெல் வீச்சில் என் கணவரை இழந்தேன். அதன் பிறகு மல்லாவிப் பக்கம் ஒரு தறப்பாள் கொட்டில். அன்றிலிருந்து நான் பாடியது ஒப்பாரி மட்டுமே. ஒரு நாள் மகளைத் தூங்கவைக்கத் தாலாட்டை முணுமுணுத்தபோது, "தாலி இல்லாதவள் பாடினால் சனம் என்ன சொல்லும்?" என்று ஒரு பெரியம்மா கடிந்துகொண்டார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளை பாட்டில்லாமல் தூங்கப் பழகிக்கொண்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

பக்கத்துக் கொட்டிலில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஓர் அக்கா இருந்தார். தவக்காலம் வந்ததும் மாலையில் விளக்கைக் கொளுத்தி வைத்து வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார். 18ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து வந்து இங்கே பணிசெய்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் எழுதியது அது. மகனை இழந்த தாயின் துயரத்தை அவர் இராகத்தோடு இழுத்து வாசிக்க, மதம் பாராமல் நாங்கள் எல்லோரும் சுற்றியிருந்து அழுவோம். அழுது முடிய நெஞ்சு கொஞ்சம் இலேசாகும். இது என் பட்டியலில் மூன்றாவது.

நான்காவது கே. பி. சுந்தராம்பாள். அங்கே இருந்த ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர் ஒருவர்தான் அவருடைய கதையை எனக்குச் சொன்னார். 1920களில் இலங்கைக்கு நாடகம் நடிக்க வந்த காலத்தில்தான் சுந்தராம்பாளுக்கும் எஸ். ஜி. கிட்டப்பாவுக்கும் பழக்கம் ஏற்பட்டது. 1933 இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயதுதான். வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஆனால் பாட்டை விடவில்லை. 1935 இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடினார். அதற்கு ஒரு இலட்சம் ரூபாய் சம்பளம் பெற்றார். 1953 இல் 'ஔவையார்' படத்தில் அவர் பாடியதை ஊரே கேட்டது. சென்னை சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார்.

கதையைச் சொல்லிவிட்டு ரீச்சர் கேட்டார்: "பிள்ளை, அந்த மனிசி வெள்ளைச் சேலையோடை உலகமெல்லாம் கேக்கப் பாடினவ. உன்ரை பிள்ளைக்கு நீ பாடக்கூடாதெண்டு ஆர் சொன்னது?"

அன்றிரவு பாடினேன். குரல் அடைத்தது, சுருதி சேரவில்லை. மகள் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தாள். அடுத்த நாளும் கேட்டாள். பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. ஒரு கிழமை கழிய, மாமன்மார் கொண்டுவரும் சீர்வரிசையில் நான் விட்ட ஓரிடத்தை அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஐந்தாவது சிரிப்பதற்கு. நித்தி கனகரத்தினத்தின் பொப் பாட்டுகளும் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும். போர்த்துக்கேயர் காலத்தின் வழிவந்த பைலா தாளம் கேட்டால் காலை அடக்க முடியாது. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று நித்தி பாடிய பாட்டுக்கு எங்கள் தையல் நிலையத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கைதட்டுவார்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை, சகோதரிகளே!

கடைசியாகச் சொல்வது என் அம்மாவின் தாலாட்டு. மற்றப் பாட்டுகளையெல்லாம் பேத்தி நிமிடத்தில் தேடித் தந்துவிட்டாள். "இது எங்கேயும் இல்லை, அம்மம்மா" என்றாள் இதற்கு மட்டும். அம்மாவுக்கு அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது. இடையில் எங்கள் ஊர்க் குளமும் வேம்பும் வரும். பிஸ்கற் ரின்னோடு போன பாட்டுகள் கடைகளில் திரும்பக் கிடைத்தன. என் வாயோடு வந்த இது மட்டும், நான் போனால் என்னோடு போய்விடும். அதனால் இப்போது ஒரு கொப்பியில் எழுதுகிறேன். மறந்த இடங்களைத் தங்கச்சியிடம் தொலைபேசியில் கேட்டு நிரப்புகிறேன். பேத்தி அதை என் குரலிலேயே பதிவு செய்தும் வைத்திருக்கிறாள்.

உங்களுக்கும் அப்படி ஒரு பாட்டு இருக்கும். தாலாட்டோ, நெல் குத்தும்போது பாடியதோ, அம்மன் கோவிலில் பாடியதோ. அதை ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பிறகு எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி எழுதச் சொல்லுங்கள். யாராவது "உனக்கேன் இப்ப பாட்டு?" என்று கேட்டால், சுந்தராம்பாளின் கதையைச் சொல்லுங்கள்.