கிருபை என்னும் சொல்

சுவிசேஷக் கிறிஸ்தவம் என்றவுடன் தெருமுனைக் கூட்டமும் ஒலிபெருக்கியும் துண்டுப் பிரசுரமும் நினைவுக்கு வருவது இயல்பே. அதன் உள்ளிருக்கும் கோட்பாட்டை இலக்கியம் பயின்றோர் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. இரட்சணிய யாத்திரிகத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இக்குறை நமக்குப் புலப்படும். எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை கம்பனின் நடையை எவ்வாறு கைக்கொண்டார் என்று பக்கம் பக்கமாக எழுதுவோர், எதற்காகக் கைக்கொண்டார் என்ற இடம் வந்ததும் நின்றுவிடுகின்றனர்.

இவ்வியக்கத்தின் அடையாளங்களாக மனமாற்றம், வேதாகமத்தின் மேலாண்மை, சிலுவையை நடுவில் வைத்தல், செயலூக்கம் ஆகியவற்றை வரலாற்றாசிரியர் டேவிட் பெப்பிங்டன் 1989இல் குறிப்பிட்டார். தேர்வுக்கு வசதியான பட்டியல்தான். ஆனால் நான்கிற்கும் அடியில் ஓடுவது ஒரே நீர். மனிதன் தன் நற்செயலால் தன்னைக் கரையேற்றிக்கொள்ள இயலாது. அவனுக்குரிய தண்டனையைக் கிறிஸ்து சிலுவையில் ஏற்றுவிட்டார். அதை விசுவாசத்தால் பெற்றுக்கொள்வதன்றி வேறு வழியில்லை. லுத்தர் 16ஆம் நூற்றாண்டில் பிடித்த பிடி இது.

இக்கோட்பாடு தமிழுக்குள் வந்தபோது சொற்கள் பட்ட பாடு பெரிது. பழைய மொழிபெயர்ப்பில் வரும் ‘மீட்கும்பொருள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அடகுக் கடைக்குப் போய் வந்த குடும்பத்துக்கு இதற்கு உரை தேவையில்லை. நகை நம்முடையது, ஆனால் நம் கையில் இல்லை. வட்டி ஏறிக்கொண்டே போகிறது. வேறொருவர் வந்து முதலும் வட்டியும் கட்டித் திருப்பித் தருகிறார். சிலுவை குறித்த இறையியல் நூல்கள் பல சுற்றி வளைத்துச் சொல்வதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

‘விசுவாசம்’ அவ்வளவு கொடுத்துவைத்ததல்ல. இன்றைய பேச்சில் அது வேலையாளுக்கும் நாய்க்கும் உரிய குணமாகிவிட்டது. எனினும் மூலக் கிரேக்கச் சொல்லான பிஸ்டிஸ், நம்பிக்கை, உண்மையாய் நிலைத்திருத்தல் ஆகிய இரு பொருளும் உடையதே. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விசுவாசத்தை நம்பிக்கை என்றும், கிருபையை அருள் என்றும் மாற்றியது. அருள் அழகிய தமிழ்ச்சொல். ஆயினும் கிருபையில் ஊறிய திருநெல்வேலிக் காதுகளுக்கு அது இன்னும் பக்கத்து வீட்டுச் சொல்லாகவே ஒலிக்கிறது.

மிகவும் இடர்ப்பட்டது ‘மறுபடியும் பிறத்தல்’. யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இயேசு நிக்கொதேமுவிடம் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கு ‘மீண்டும்’ என்றும் ‘மேலிருந்து’ என்றும் இரு பொருள் உண்டு. நிக்கொதேமு முதற்பொருளைப் பற்றிக்கொண்டு, முதியவன் எப்படித் தாய் வயிற்றில் புகுவான் என்று திகைக்கிறார். பிறவாமையை வேண்டிய காரைக்கால் அம்மையாரின் மொழியில், மறுபடியும் பிறக்க வேண்டும் என்பது முதலில் சாபமாக அல்லவா கேட்டிருக்கும்!

ஆனால் கிருபை இந்நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்கிறது. வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டது இதைக் குறித்தே. மெதடிஸ்டு இயக்கத்தின் தொடக்கத்தில் வெஸ்லியும் வைட்பீல்டும் பிரிந்ததும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. ருடால்ப் ஓட்டோ என்ற ஜெர்மானிய அறிஞர் 1930இல் இந்திய அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ணபிள்ளை, 1894இல் வெளியிட்ட காப்பியத்தில் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவினார். ஆனால் அதில் கசியும் நெகிழ்ச்சி பனியனிடமிருந்து மட்டும் வந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள்: “ஐயா, கிருபை இலவசம் என்றால், விசுவாசிக்காதவருக்கு அது ஏன் கிடைக்காது? விசுவாசிப்பதும் ஒரு செயல்தானே?” விசுவாசமும் இறைவனின் ஈவே என்பது நூல்கள் தரும் விடை. அதைச் சொன்னோம். “அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை?” என்றாள். மணி அடித்துவிட்டது. அடிக்காவிட்டாலும் நம்மிடம் விடை இல்லை.

இது நமக்கு ஏட்டுக் கேள்வியன்று. எம் தந்தையார் இளமையில் ஞானஸ்நானம் பெற்றவர். அவரைப் பெற்ற ஆச்சியோ இறுதிவரை திருநீறு பூசி நெல்லையப்பரை வணங்கியவர். மகன் வேதம் மாறியபோது ஆச்சி அழுதார். பிறகு ஞாயிறுதோறும் அவருக்குச் சட்டை தேய்த்து வைத்தார். அவர் இறந்த வாரத்தில் துக்கம் விசாரிக்க வந்த ஊழியர் ஒருவர், ஆத்தும இரட்சிப்பைப் பற்றி அந்த முற்றத்திலேயே பேசத் தொடங்கினார். அவர் நம்பியதைத்தான் பேசினார். கோட்பாட்டின்படி பிழையும் இல்லை. தந்தையார் மறுத்துப் பேசாமல், “காபி குடிச்சிட்டுப் போங்க” என்று எழுந்துவிட்டார்.

இறந்தோருக்காக ஜெபிக்கும் வழக்கம் சுவிசேஷ மரபில் இல்லை. தந்தையார் அதை எமக்குக் கற்பித்தவர். ஆயினும் அவர்தம் கடைசி ஆண்டுகளில், இரவு விளக்கணைத்தபின், ஜெபத்தின் முடிவில் தாயாரின் பெயரை மெல்லச் சொல்வது அடுத்த அறையில் கேட்கும். நாம் அதைப் பற்றி அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.