சட்டையில் ஏறும் படத்துக்குக் கூலி

டி-ஷர்ட் அச்சில் பனியன் துணிக்கு விலை உண்டு, மைக்கு உண்டு, ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் என்று ஸ்கிரீனுக்கும் தனிக் கட்டணம் உண்டு. அந்தச் சட்டையை வாங்க வைக்கிற படத்துக்கு மட்டும் பெரும்பாலான பில்களில் தனி வரி இருப்பதில்லை. 'டிசைன் இலவசம்' என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். அந்த இலவசத்தின் செலவு எங்கோ ஓர் ஓவியர் தலையிலோ, மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் டிசைனர் தலையிலோதான் விழுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் இதைக் கவனிக்க ஏற்ற ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இந்த மீனவ ஊரில் 2012இல் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். 2013 முதல் அலைச்சறுக்கு விழாவும் நடக்கத் தொடங்கியது. 2021இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. பள்ளி, விழா, சுற்றுலா என்று வந்தபின் பெயர் போட்ட சட்டையும் கூடவே வந்தது. சர்ஃபிங் பயிற்சியாளர்கள், வாலிபால் அணிகள், திருவிழாக் குழுக்கள், வார இறுதியில் வந்து தங்கும் கல்லூரிக் கூட்டங்கள் எல்லாம் இந்தக் கடற்கரையில் சட்டை அடிக்கக் கொடுப்பவர்கள். வெறும் சட்டை பெரும்பாலும் திருப்பூர்ச் சரக்கு. படம் வருகிற வழிதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

மிகப் பழகிய வழி வாட்ஸ்அப். இணையத்தில் கண்ட ஓர் அலையையோ மீனையோ பிடித்து, 'இதே மாதிரி, கீழே எங்க டீம் பேரு' என்று அனுப்பிவிடுவார்கள். நெஞ்சுப் பகுதியில் 12 அங்குல அகலத்துக்குக் கூர்மையாக அச்சடிக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,600 புள்ளிகள் வேண்டும். வழக்கமான தரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் படம் நீளவாக்கில் 1,600 புள்ளியளவுக்குச் சுருங்கிவிடும். அப்படியே அடித்தால் ஓரமெல்லாம் பிசிறும். டிசைனர் அதைக் கோரல் டிரா மென்பொருளில் வைத்து, கோடு கோடாகத் திரும்ப வரைகிறார். இந்த 'ரீடிரா' வேலைக்கு ஒரு முழு மாலை போய்விடலாம். அடுத்தவர் படத்தைக் கைவலிக்கப் பிரதி எடுப்பதற்குச் செலவாகும் அந்த நேரத்தில், அதே டிசைனர் கோவளத்துக்கென்று ஒரு புதுப்படத்தை வரைந்துவிட முடியும். கேட்பவர்தான் இல்லை.

ஸ்கிரீன் அச்சுக்குப் போகிற படம் கலர் கலராகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம். ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஒரு ஸ்கிரீன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில், ஒளி பட்டால் இறுகும் பூச்சைப் பூசி, ஃபிலிமை ஒட்டி வெளிச்சம் காட்டிக் கழுவினால், படம் இருக்கும் இடம் மட்டும் திறந்து நிற்கும். அதன் வழியே மை துணியில் இறங்கும். கறுப்புச் சட்டையானால் முதலில் வெள்ளை அடித்தளம் ஒன்று போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சளும் சிவப்பும் செத்துப்போகும். இரண்டு மூன்று கலரில் நிற்கும் படத்தை வரைவது தனித் திறமை. நிறத்தைக் குறைத்து, துணியின் நிறத்தையே ஒரு கலராகப் பயன்படுத்தும் ஓவியர், சட்டை கொடுப்பவருக்கு ஸ்கிரீன் செலவையும் மிச்சப்படுத்துகிறார். அவருக்குக் கொடுக்கும் கூலியின் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடுகிறது.

டிடிஎஃப் வந்தபின் கணக்கு மாறியது. படத்தைப் பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, சூடாக அழுத்தி ஒட்டும் இந்த முறையில் எத்தனை கலரானாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்; ஒரே ஒரு சட்டை கூட அடிக்கலாம். சிறிய குழுக்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் படத்தைத் திரும்ப வரைய வேண்டிய கட்டாயம் குறைந்ததால், கண்ட படத்தை எடுத்து ஒட்டுவது முன்னைவிட எளிதாகிவிட்டது.

காசு கொடுத்துப் படம் வாங்கும் ஸ்டாக் இணையதளங்கள் அடுத்த வழி. இங்கே பலர் தடுக்கி விழுவது உரிமத்தின் வகையில். ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்களில் சாதாரண உரிமம் விளம்பரத்துக்கும் இணையப் பக்கத்துக்கும் போதும். படத்தைச் சட்டையில் போட்டு விற்பதற்கு அதைவிட விலை கூடிய விரிவான உரிமம் வாங்க வேண்டும். அணியினர் தாங்களே போட்டுக்கொள்வதும் கடையில் தொங்கவிட்டு விற்பதும் உரிமத்தின் பார்வையில் வேறு வேறு. எழுத்துருவுக்கும் இது பொருந்தும். தமிழில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: கேட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி, நோட்டோ போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, அவற்றால் எழுதிய சட்டையைத் தாராளமாக விற்கலாம். அச்சகத்துக்கு அனுப்பும்முன் எழுத்தைக் கோட்டு வடிவமாக, அதாவது 'கர்வ்' ஆக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அங்குள்ள பழைய மென்பொருளில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். சட்டையில் பிழையாக நிற்கும் தமிழைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். எழுத்தைக் கர்வ் ஆக்குவது ஐந்து நிமிட வேலை.

மாமல்லபுரம் பக்கத்தில் இருப்பதால் கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் இந்தப் பகுதிச் சட்டைகளுக்கு இயல்பான படங்கள். பல்லவர் சிற்பத்துக்குக் காப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் வரையலாம். ஒருவர் எடுத்த புகைப்படம் மட்டும் அவருடையது. பார்த்து வரைவதும் புகைப்படத்தை அப்படியே எடுத்துப் போடுவதும் ஒன்றல்ல. நடிகர் முகத்தில் வேறு சிக்கல். ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், 2015இல் அவர் பெயரையும் உருவச்சாயலையும் ஓர் இந்திப் படம் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சட்டைக்காரர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு.

சட்டை உலகில் மிக அதிகம் பிரதியான முகம் சே குவேராவுடையதாக இருக்கக்கூடும். தமிழ்நாட்டுத் தெருக்களிலும் அதைக் காணாமல் போக முடியாது. 1960 மார்ச்சில் ஹவானாவில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த புகைப்படம் அது. அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் 1968இல் அதைச் சிவப்பும் கறுப்புமாகச் சுருக்கினார். இரண்டு கலர், இரண்டு ஸ்கிரீன் என்ற அளவில் எந்தச் சிறு அச்சகமும் அடிக்கக்கூடிய படமாக அது மாறியது அப்போதுதான். கோர்டா படத்துக்கு உரிமத்தொகை கேட்டதில்லை. ஆனால் 2000இல் ஒரு வோட்கா விளம்பரத்தில் அதைப் பயன்படுத்தியபோது வழக்குப் போட்டார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரைக் கியூபக் குழந்தைகளின் மருந்துக்குக் கொடுத்துவிட்டார். காசு வாங்காதவருக்கும் தன் படம் எதற்குப் போக வேண்டும், எதற்குப் போகக் கூடாது என்று சொல்லும் உரிமை இருக்கிறது.

கோவளத்துக்கு வடக்கே இதே சாலையில், படத்தைத் துணியில் ஏற்றி அதன் வருமானத்தில் ஓவியர்கள் வாழ்ந்த முன்மாதிரி ஒன்று உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கப்பட்டது. ஓவியங்களுக்குச் சந்தை மிகச் சிறிதாக இருந்த காலம் அது. ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் அமைத்தார்கள். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாட்டிக் துணிகளை ஆக்கி விற்றார்கள். அந்தப் பணம் நிலம் வாங்கவும் வயிறு கழுவவும் உதவியது. துணியில் போடும் படத்தைத் தாழ்வாக நினைக்காமல், அதற்கு வெளிப்படையாக விலை வைத்தார்கள். வரைந்தவர் கைக்கே காசு போனது. இன்றைய சட்டைத் தொழிலில் விட்டுப்போயிருப்பது இதுதான் என்பது என் எண்ணம்.

வரைய ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை. கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் பக்கவாட்டைப் பார்த்தாலே போதும்: பெயரும் நிறக்கோடுகளும் கையால் எழுதியவை. ஃபிளெக்ஸ் வந்து பலகை எழுதும் வேலையைப் பறித்தபின்னும் படகில் கையெழுத்து நிற்கிறது. அந்த எழுத்தில் வளைவும் கனமும் இந்தக் கடற்கரைக்கே உரியவை. ஓர் எழுத்தோவியரைத் தாளில் எழுதச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்தால் சட்டைக்கான படம் தயார். மாமல்லபுரத்து அரசு சிற்பக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களிடமும் கேட்கலாம்.

இவர்களுக்குப் பணம் கொடுக்கும் முறையில் முதலில் தெளிய வேண்டியது, எது விற்கப்படுகிறது என்பது. தாள் ஒன்று, அதைப் பிரதி எடுக்கும் உரிமை இன்னொன்று. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் டிசைனர் பணியின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியமும் உருவப்படமும் எடுக்கவைத்த புகைப்படமும் சொல்லியவருக்குச் சேரும். அந்த வரிசையில் கோட்டுச் சித்திரமோ லோகோவோ பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. அதனால் வெளியாளிடம் வாங்கும் டிசைனுக்கு எழுத்து வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடுதான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுதும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். முழு உரிமையையும் விற்றபின்னும், வரைந்தவர் தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஓவியரிடமே நிற்கும். சட்டையின் உட்கழுத்தில் சிறியதாக அவர் பெயரை அச்சடிக்கக் கூடுதல் செலவு ஏதும் பெரிதாக இல்லை, எல்லோரும் செய்யலாம்.

ஐம்பது என்ற எண்ணையும் ஓவியர்கள் அறிந்திருக்க வேண்டும். டிசைன் சட்டத்தில் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, தொழில்முறை உற்பத்தியில் 50 தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால், அந்த டிசைனுக்குக் காப்புரிமை போய்விடும். எது தனி ஓவியம், எது பதியத்தக்க டிசைன் என்பது நீதிமன்றங்களில் நீண்ட வழக்கு. சோபா உறைத் துணிகளின் அலங்கார வடிவங்கள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் துணிக்கென்றே ஆக்கிய கோலங்களை டிசைன் பக்கம் வைத்தது. நீண்ட நாள் விற்க நினைக்கும் படத்தை அச்சுக்கு விடும்முன் பதிந்துவைப்பது நல்லது.

கூலியை மூன்று விதமாகப் பேசலாம். ஒரே தடவை மொத்தத் தொகை. சட்டைக்கு இவ்வளவு என்ற பங்கு. சிறு முன்பணத்தோடு பங்கும் சேர்ந்தது. ஒரு படத்துக்கு 3,000 ரூபாய் என்றால் 20 சட்டைக்குப் போடுகிறவருக்குச் சட்டைக்கு 150 ரூபாய் ஏறும். 200 சட்டைக்கு 15 ரூபாய்தான். சிறிய அணிகள் தயங்குவது இதனால்தான். அவர்களுக்கு ஓவியர் முன்பே வரைந்துவைத்த படங்களிலிருந்து ஒன்றை, 'இந்த ஆர்டருக்கு மட்டும்' என்று குறைந்த தொகைக்குக் கொடுப்பது இருவருக்கும் கட்டுப்படியாகும். கடையில் வைத்து ஆண்டு முழுதும் விற்கிற சட்டைக்குப் பங்கு முறையே நியாயம். எத்தனை தடவை திருத்தம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு, ஸ்கெட்ச் பிடிக்காமல் நிறுத்தினால் எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாதி முன்பணம் வாங்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

மறு ஆர்டர்தான் சண்டை வரும் இடம். முதல் தடவைக்குப்பின் ஃபிலிமும் ஃபைலும் அச்சகத்தில் தங்கிவிடும். அடுத்த சீசனில் அதே படம் புதுச்சட்டையில் வரும், ஓவியருக்குத் தகவல் கூட இருக்காது. பில்லிலேயே 'படம்' என்று தனி வரி போட்டு, எத்தனை சட்டைக்கு அனுமதி, மறு அச்சுக்கு எவ்வளவு, மூல ஃபைல் யாரிடம் இருக்கும் என்று மூன்று வாக்கியம் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் அது ஒப்பந்தமாக நிற்கும். வாட்ஸ்அப்பில் பேசியதும் சாட்சியாக உதவும். உரிமையையே மாற்றித் தருவதற்கு மட்டும் கையெழுத்திட்ட தாள் வேண்டும்.