அரை நைட், முழு நைட்

பகல் பத்து மணிக்கு ஒரு வீட்டு வாசலில் சைக்கிள் நின்றால், அந்த வீட்டுக்காரர் முழு நைட் முடித்து வந்து படுத்திருக்கிறார் என்று பொருள். ஜன்னலில் பழைய போர்வை தொங்கும். பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிட்டிப்புல்லை எடுத்துக்கொண்டு லைனின் மறுகோடிக்குப் போய்விடுவோம். மறந்துபோய் அங்கேயே கத்தினால் அந்த வீட்டு அத்தை கதவைப் பாதி திறந்து, "மாமா தூங்கறாரு கண்ணு" என்பார். அதட்டல் இருக்காது. அந்தக் குரலுக்குத்தான் நாங்கள் அதிகம் கட்டுப்பட்டோம்.

கோயமுத்தூரில் புலியகுளத்தைத் தாண்டி, பங்கஜா மில் ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்றில் எங்கள் லைன் இருந்தது. நான் சொல்வது 1980-களை. லைன் வீடு என்றால் கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். நீளமாக ஒரே ஓட்டுக்கூரை, அதன் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடித்தனம், ஒவ்வொன்றுக்கும் முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. கக்கூஸும் துணி துவைக்கும் கல்லும் கடைசியில், எல்லோருக்கும் பொது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அதுவும் கூரைவரை போகாது. ஓட்டுக்குக் கீழே விட்டிருந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வரும், இருமல் வரும், சண்டை வரும். எங்கள் அம்மா அடுப்படியில் நின்றபடியே பக்கத்து வீட்டு அக்காவிடம் "உப்பு போட்டாச்சா அம்மிணி?" என்று கேட்பார். பதில் ஓட்டுக்கு மேலே போய்த் திரும்பி வருவதுபோல வரும்.

வேலை மூன்றாகப் பிரிந்திருந்தது. காலையில் போனால் பகல் ஷிப்ட். மதியத்துக்குமேல் போய் நள்ளிரவில் திரும்பினால் அரை நைட். நள்ளிரவில் போய் விடிந்தபின் வந்தால் முழு நைட். முறை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் எந்த நேரத்திலும் லைனில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். மில் சங்கு ஊதும்போது அடுப்பில் எந்த வீட்டுச் சோறு இருக்க வேண்டும் என்று மொத்த லைனுக்கும் தெரியும். சங்கு ஊதியும் ஒருவர் கிளம்பவில்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்து விசாரணை வந்துவிடும். காய்ச்சலா, சண்டையா, கையில் பஸ்ஸுக்குக் காசில்லையா?

இந்த ஊரில் மில் வந்ததற்குக் காரணங்கள் உண்டு. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. இன்னொரு காரணம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. நூல் அறுபடாமல் ஓட ஈரப்பதம் வேண்டும். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் அது இருந்தது. அதே காற்றுதான் ஆடி மாதம் எங்கள் கொடியில் காயும் துணிகளைப் பிடுங்கி அடுத்த லைனில் போடும். அவை மடித்துத் திரும்பி வரும். யார் சட்டை யாருடையது என்று அவர்களுக்கும் தெரியும்.

வெட் கிரைண்டர் இந்த ஊர்க் கண்டுபிடிப்பு. 1955-ல் சபாபதி என்பவர் செய்தது. எங்கள் லைனில் முதலில் வாங்கியது மூன்றாம் வீடு. அதுவரை ஆட்டுக்கல்லில் இடுப்பொடிந்த பெண்கள் எல்லோரும் ஊறிய அரிசியோடு அங்கே வரிசை வைத்தார்கள். அந்த அத்தை காசு வாங்கமாட்டார். உளுந்தில் ஒரு கை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிரைண்டருக்கும் நேரம் இருந்தது. நான்காம் வீட்டில் முழு நைட் நடக்கும் வாரத்தில் சாயங்காலம் வரை சுவிட்ச் போடமாட்டார்கள். நடுவில் இருப்பது ஒரே சுவர், அதுவும் பாதிச் சுவர். வீட்டுக்கு விருந்தாள் வந்துவிட்டார், இட்லிக்கு மாவில்லை என்று என் அம்மா ஒருமுறை தவித்தபோதும் அந்த அத்தை கேட்கவில்லை. "பஞ்சுத் தூசியில நின்னுட்டு வந்திருக்காருங்க, மனுசன் தூங்கட்டும்" என்றார். அன்று விருந்தாளுக்கு உப்புமா. அம்மாவுக்குக் கோபம் இருந்தது, ஆனால் அது சரி என்றும் அம்மாவுக்குத் தெரியும். அப்பாவின் வாரம் வந்தபோது எங்கள் சுவருக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான் அமைதியாக இருந்தது.

தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் வந்தது. அடிகுழாயில் வருவது உப்புத் தண்ணி, பாத்திரத்துக்கும் துணிக்கும். குடிக்க சிறுவாணி. கேரளத்து மலையில் ஊறி, சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இந்த ஊருக்கு வரும் தண்ணீர் அது. அந்த ருசியில் வளர்ந்தவர்களுக்கு வெளியூரில் எந்தத் தண்ணீரும் இறங்காது, எனக்கும் இறங்கவில்லை. எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் ராத்திரியில்தான். அரை நைட் முடித்து வருகிறவர் சந்துக்குள் நுழையும்போதே குழாயைத் திறந்து பார்ப்பார். காற்று சீறினால் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சைக்கிளைச் சாத்திவிட்டு ஒவ்வொரு கதவையும் விரல் கணுவால் தட்டிக்கொண்டே போவார்: "தண்ணி வந்திருச்சுங்க." சிறுபிள்ளை உள்ள வீட்டில் மெல்லத் தட்டுவார். தட்டியவர் தூங்கப் போய்விடுவார், குடம் சுமந்தவர்கள் பெண்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மில்லின் ரீலிங் பிரிவில் வேலை பார்த்த அக்காக்கள் ராத்திரி தண்ணீர் பிடித்து, காலையில் சமைத்து, சங்குக்கு முன் ஓடினார்கள். அவர்கள் பகலில் தூங்குவதற்காகக் கிட்டிப்புல் நகர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. வீடு கேட்டு வருகிறவரிடம் வாடகை பேசும் முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். பதில் பிடிக்கவில்லையென்றால் வீடு ஏற்கெனவே போய்விட்டதாகச் சொல்வார்கள். லைனின் அந்த அணைப்பு எல்லோருக்குமானதாக இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் மூச்சு முட்டும் நேரங்கள் இருந்தன. வயசுப்பெண் பஸ்ஸை விட்டு அரை மணி தாமதித்தால், அவள் வாசலுக்கு வருமுன்பே காரணம் பன்னிரண்டு வீட்டிலும் தயாராக இருக்கும்.

சதவீதம் என்ற கணக்கைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருமுன்பே எங்களுக்கு இரண்டு எண்கள் தெரியும்: 8.33, 20. போனஸ் சட்டத்தின் கீழ்வரம்பும் மேல்வரம்பும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் டீக்கடையில் அப்பாக்கள் பேசுவது இதுதான். மேல்வரம்பை நெருங்கினால் புதுத்துணியோடு பட்டாசும் உண்டு. எந்த வீட்டு மில் எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்திருந்ததால், குறைவாக வாங்கிய வீட்டுப் பிள்ளைகளின் கையில் மற்ற வீட்டு மத்தாப்பு இருக்கும். கடைசி வீட்டுப் பெரியப்பா சங்கத்துக்காரர். ஜனவரி 8 அன்று ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுச் சின்னியம்பாளையத்துக்கு அஞ்சலி செலுத்தப் போவார். 1946-ல் அதே நாளில் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர் நான்கு பேர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்று அவர் நான்கு பெயரையும் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்.

பிறகு, பகலில் வாசலில் நிற்கும் சைக்கிளுக்கு வேறு பொருள் வந்தது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. நான்காம் வீட்டு மாமாவின் சைக்கிள் காலை, மதியம், சாயங்காலம் என்று எல்லா நேரமும் நின்றது. ஜன்னலில் போர்வை இல்லை. சத்தம் போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தூக்கமும் வரவில்லை என்று அத்தை அம்மாவிடம் சொன்னது ஓட்டிடுக்கு வழியாக எனக்குக் கேட்டது. பிற்பாடு பல மில்கள் வெளி மாவட்டத்துச் சிறு பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் கூட்டிவந்து, மதிலுக்குள்ளேயே விடுதியில் வைத்து வேலை வாங்கின. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்றார்கள். அந்தப் பெண்களுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லை. கதவைத் தட்டித் தண்ணீர் வந்ததைச் சொல்ல ஓர் அண்ணன் இல்லை. எனக்கு மில்கள் மூடியதைவிட இதுதான் இன்னும் ஆறவில்லை. 1974-ல் அரசு எடுத்துக்கொண்ட மில்களும் தட்டுத்தடுமாறித்தான் ஓடிக்கொண்டிருந்தன. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் அந்தக் கதிர்களும் 2020 மார்ச் பொதுமுடக்கத்தோடு நின்றன. எங்கள் லைன் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடியில் துணிக்கடை.

நான் இருப்பது பீளமேட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடி. சுவர்கள் கூரைவரை போகின்றன. எதிர்க் கதவுப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் விடியற்காலையில் கேப் வந்து அவளை இறக்கிவிடுவதும், காலை ஒன்பதுக்கும் பால் பாக்கெட் கதவில் அப்படியே தொங்குவதும் தெரியும். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் நைட் ஷிப்ட் என்றே சொல்கிறார்கள். அது முழு நைட்தான். போன வாரம் பக்கத்துக் குடியிருப்பில் தரையை உடைத்து டைல்ஸ் மாற்றத் தொடங்கினார்கள். காலை பத்து மணிக்கு மெஷினை வைத்ததும் நான் போய் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, அந்த வீட்டுல புள்ள இப்பத்தான் வேலை முடிச்சு வந்து தூங்குது. ரெண்டு மணிக்கு மேல உடைச்சுக்கலாமுங்களா?"

அவர் மூடிய கதவையும் பால் பாக்கெட்டையும் பார்த்தார். "எங்கப்பாவும் மில்லுதானுங்கக்கா" என்றார். பிறகு உள்ளே திரும்பி, மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் பாத்ரூம் பூச்சு வேலையை முதலில் பார்க்கச் சொன்னார்.