அரைப் பங்கு எண்ணெய்

எஞ்சினின் வலிமையை வியக்கும் நாம், அவ்வலிமைக்குத் துணைநிற்கும் மெல்லிய பூச்சை நினைப்பது அரிது.

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் கருவி. அழுத்தப்பட்ட காற்று சூடேறும்; அச்சூட்டைத் தணிக்க மெதனாலையும் நீரையும் கலந்து தெளிப்பர். அவை ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும்.

ரூட்ஸ் வகைக் கருவியில் இரு சுழலிகள் ஒன்றையொன்று தீண்டாது மயிரிழை இடைவெளியிற் சுழல்கின்றன. அவற்றின் மேற்பூச்சு அவ்விடைவெளியைக் குறுக்கிக் காற்று பின்னொழுகாது காக்கின்றது. தெளிப்புப் பனியென நுண்ணிதாயின் நன்று. பெருந்துளியாயின் விரைந்து சுழலும் சுழலியில் மோதிப் பூச்சைத் தேய்க்கும். மெதனால் சிலவகைப் பூச்சுக்களை இளக்கவும், பூச்சிழந்த அலுமினியத்தை அரிக்கவும் வல்லது. பூச்சு உதிரின் காற்று பின்னொழுகி மீண்டும் சூடேறும். தணிக்க வந்ததே வெம்மைக்கு வித்தாகும்!

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியப் போர்விமானங்களிற் பயன்பட்ட எம்.டபிள்யூ. 50 என்னும் கலவையில் மெதனால் நூற்றுக்கு 50 பங்கு, நீர் 49.5 பங்கு, எஞ்சிய 0.5 பங்கு அரிப்பைத் தடுக்கும் எண்ணெய். ஒருமுறைக்கு 10 நிமிஷத்திற்குமேல் அதனைச் செலுத்தலாகாதென்பது விதி. அவ்விமானங்களின் சூப்பர்சார்ஜர் வேறு வகையினது. ஆயினும் படிப்பினை ஒன்றே. உயிர் தப்ப வேகம் வேண்டிய வேளைக்கென அமைத்த கலவையிலும் காப்புக்கு இடம் வைத்தனர்.

இவ்வெண்களைப் படிக்குந்தோறும் நம் உள்ளம் நிற்பது அவ்வரைப் பங்கிலேயே. மாணவ நண்பர்காள்! வலிமையைக் கூட்ட முயலுங்கால், அதனைத் தாங்குவது எதுவென முதலில் வினவுவோமாக.