எத்தனை மணி நேரத் தரவை இழக்கலாம்?

டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ நிர்வாகத்துக்குக் கொண்டுபோகும் மாத அறிக்கையில் பெரும்பாலும் இருப்பவை சிபியு பயன்பாடு, கேச் ஹிட் விகிதம், பேக்கப் வெற்றி. எல்லாம் பச்சை. மேலாளர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முடிவெடுக்க வேண்டியது எதுவும் அந்த எண்களில் இல்லை.

நான் இரண்டு கேள்விகளோடு போகிறேன். இந்த நிமிடம் டேட்டாபேஸ் போனால் எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம்? திரும்ப வரும்வரை எவ்வளவு நேரம் தாங்குவோம்? தொழிலில் இவற்றை ஆர்பிஓ, ஆர்டிஓ என்போம். கூட்டத்தில் அந்தச் சுருக்கங்களைத் தவிர்க்கிறேன். "எதுவும் போகக் கூடாது, உடனே வரணும்" என்றுதான் முதல் பதில் வரும். பேச்சு அங்கேதான் தொடங்கும். இரவில் மட்டும் பேக்கப் எடுத்தால், மாலை ஆறு மணிக்கு டிஸ்க் போகும்போது அன்றைய பில்கள் அத்தனையும் போகும். பதினைந்து நிமிடத்துக்கொரு முறை லாக் பேக்கப் எடுத்து வேறிடத்தில் சேர்த்தால், இழப்பு ஏறக்குறைய அந்தப் பதினைந்து நிமிடம்தான். அதற்கும் குறைய வேண்டுமென்றால் உடனுக்குடன் நகல் வைத்திருக்கும் இன்னொரு சர்வர், இவ்வளவு செலவு. எதை ஏற்பது என்பது நிர்வாகத்தின் முடிவு.

"உடனுக்குடன் நகல் இருக்கிறதே, பேக்கப் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தவறாகக் கொடுத்த டெலீட்டும் உடனுக்குடன் நகலுக்குப் போய்விடும்.

பேக்கப் எடுக்கிறோம் என்று நம்பினாலும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், நகல் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. அன்றாட பேக்கப் இருக்கும் என்று தேடினால், இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் கருவி 9.2. அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கையிலும் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. அதற்காக எங்கள் தொழிலே நன்றி சொல்ல வேண்டும்.

எனவே ரீஸ்டோர் ஒத்திகைதான் எங்கள் வேலையின் உண்மையான கணக்கு என்று நம்புகிறேன். தனி சர்வரில் பேக்கப்பை இறக்கி, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்வேன். சேதம் இருக்கிறதா என்று சோதித்தபின் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்து உட்கார வைப்பேன். அவர் முந்தைய நாள் வசூல் அறிக்கையைத் திறந்து, தன் கையிலுள்ள தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்தை நிர்வாகம் நம்புகிறது. இறக்க ஒன்பது மணி நேரம் ஆகிறது, அவர்கள் தாங்குவதாகச் சொன்னதோ நான்கு என்றால், இடைவெளி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வேகமான டிஸ்க்குக்காக நான் வாதாட வேண்டியிருக்காது.

குவெரி சீரமைப்பையும் இப்படி நிர்வாகம் முடிவெடுக்கக்கூடிய கணக்காகவே சொல்கிறேன். எஸ்கியூஎல் சர்வருக்குக் கோர் கணக்கில் உரிமம் வாங்குகிறோம். ஒரு இண்டெக்ஸால் சிபியு பாதியானது என்று எழுதுவதைவிட, அடுத்த சர்வரை எத்தனை கோர் குறைத்து வாங்கலாம் என்று எழுதுகிறேன். அறிக்கையின் முதல் வரியில் கடைசி ஒத்திகையின் தேதி, பிடித்த நேரம், சரிபார்த்தவர் பெயர். கேச் ஹிட் விகிதம் பின்னிணைப்பில் இருக்கிறது, கேட்பவர்களுக்காக.